34 ஆட்களும் ஒரு கயிறும்

கேள்வி: வணக்கம் ஐயா. நான் திருகோணமலையில் ஒரு பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறேன். என் அப்பப்பா கரைவலைச் சம்மாட்டி, அதாவது வலையும் தோணியும் வைத்து ஆள் சேர்த்துத் தொழில் நடத்தியவர். கரைவலை, அதாவது தோணியால் கடலில் வளைத்துப் போட்ட வலையை இரண்டு கயிற்றால் கரையிலிருந்து இழுக்கும் காட்சியை 12 அடி அகலம், 6 அடி உயரத்தில் வரையவேண்டும் என்பது பல வருட ஆசை. மொத்தம் 34 ஆட்கள். கைபேசியில் நிறையப் படம் எடுத்து, அவற்றைப் பார்த்து ஒவ்வொருவரையும் தனித்தனித் தாளில் வரைந்து வைத்திருக்கிறேன். தனியாகப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. சேர்த்து வைத்தால் கலியாண வீட்டு குறூப் போட்டோ மாதிரி ஆகிவிடுகிறது. பின்னால் கோணேசர் மலையும் கோயிலும் வேண்டும், கோட்டை மான்கள் வேண்டும், சுனாமியில் போன என் சித்தப்பாவும் அதில் இருக்கவேண்டும். கன்வஸ் வாங்கக் காசு சேர்த்துவிட்டேன். எங்கிருந்து தொடங்குவது, எந்தக் காலத்தில் எதைச் செய்வது?
– ஒரு வாசகி, உப்புவெளி

பதில்: தங்கச்சி, கன்வஸ் காசை இப்போதைக்குத் தொடவேண்டாம். பெரிய படத்தின் தலைவிதி உள்ளங்கை அளவுத் தாளிலேயே முடிவாகிவிடும். அந்தத் தாளில் வேலை இன்னும் நடக்கவில்லை என்பதுதான் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பட்டது.

கூடவே அனுப்பிய நாலு படங்களையும் நிதானமாகப் பார்த்தேன். பழகிய கை. தோள்பட்டை எப்படித் திரும்பும், முழங்கால் எப்படி மடங்கும் என்று தெரிந்து வரைந்திருக்கிறீர்கள். குறை அங்கே இல்லை. ஒரு அடிமட்டத்தை எடுத்து, நாலு படத்திலும் கடல் கோடு, அதாவது கடலும் வானமும் சேரும் கோடு, எங்கே போகிறது என்று வைத்துப் பாருங்கள். கயிறு பிடித்த முதியவருக்கு அது இடுப்போடு போகிறது. கூடை தூக்கிய அம்மாவுக்குத் தலைக்கு மேலே போகிறது. சிறுவனுக்குக் கழுத்தில். அதாவது முதியவரைக் குந்தியிருந்து எடுத்திருக்கிறீர்கள், அம்மாவை ஏதோ உயரத்தில் நின்று எடுத்திருக்கிறீர்கள். நிழலும் அப்படித்தான்: ஒருவருக்கு நீண்டு கிடக்கிறது, இன்னொருவருக்குக் காலடியிலேயே சுருண்டுவிட்டது. காலை ஏழு மணி ஆளையும் பதினொரு மணி ஆளையும் ஒரே மணலில் நிறுத்தினால் எவ்வளவு நன்றாக வரைந்தாலும் வெட்டி ஒட்டியது மாதிரித்தான் தெரியும். போட்டோக்களைக் குறை சொல்லவில்லை. ஒவ்வொன்றும் தன்னுடைய இடத்திலிருந்து, தன்னுடைய நேரத்தில் எடுக்கப்பட்டது. உங்கள் படத்துக்கு என்று ஒரு இடமும் ஒரு நேரமும் இன்னும் இல்லை.

ஆகவே முதல் வேலை கரைக்குப் போய் ஒரு இடம் பிடிப்பது. அதற்கும் முன்னால் ஒன்றைத் தீர்மானிக்கவேண்டும்: வலை இழுப்பில் எந்தக் கணம்?

தியோடோர் ஜெரிக்கோ என்ற பிரெஞ்சு ஓவியர் 1818, 1819 இல் இதே சிக்கலில் கிடந்தவர். மெடூசா என்ற கப்பல் 1816 ஜூலையில் ஆபிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் மணல்திட்டில் ஏறி நின்றுவிட்டது. தெப்பமொன்றில் ஏற்றிவிடப்பட்ட ஏறத்தாழ 147 பேரில், 13 நாள் கழித்து மீட்கப்பட்டவர்கள் 15 பேர். ஜெரிக்கோ தப்பிவந்தவர்களைத் தேடிப்போய்க் கதைத்தார். தச்சரைக் கொண்டு அந்தத் தெப்பத்தின் சிறிய மாதிரியைச் செய்வித்து, அதன்மேல் மெழுகு உருவங்களை வைத்து வைத்துப் பார்த்தார். தெப்பத்தில் நடந்த கலகத்தை வரைந்து பார்த்தார், பட்டினியில் மனிதர் மனிதரைத் தின்ற நேரத்தை வரைந்து பார்த்தார், மீட்கவந்த படகு கிட்ட வரும் நேரத்தையும் வரைந்து பார்த்தார். ஒவ்வொன்றும் பெரிய காட்சிதான். எல்லாவற்றையும் விட்டுவிட்டு, தூரத்தில் ஒரு கப்பலின் புள்ளி தெரியும் கணத்தை எடுத்துக்கொண்டார். 16 அடி உயரம், 23 அடிக்கும் மேல் அகலமான அந்தப் படம் இன்று பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் அந்தக் கப்பல் தேடிப்பார்த்தால்தான் தெரியும். ஆனால் தெப்பத்தில் கிடக்கும், எழும், கையசைக்கும் உடம்புகளின் சாய்வெல்லாம் அந்தப் புள்ளியை நோக்கியே போகிறது. கலைத்தாளில் நாலு கோடு போட்டு அதை நீங்களே பார்க்கலாம்.

உங்கள் படத்தில் அந்த வேலையைச் செய்யப்போவது கயிறு. 34 பேரில் பாதிப்பேர் அதைப் பிடித்திருக்கிறார்கள், மீதிப்பேர் அது கொண்டுவரப்போவதைக் காத்திருக்கிறார்கள். நீங்கள் ஆட்களை வரைந்து முடித்துவிட்டுக் கடைசியில் கயிற்றைச் சேர்க்கலாம் என்று வைத்திருக்கிறீர்கள். தலைகீழாகச் செய்யுங்கள். வெற்றுத் தாளில் முதல் கோடு கயிறாக இருக்கட்டும்.

சரி, எந்தக் கணம்? கரைவலையில் உங்களுக்கு மூன்று வாசல் இருக்கிறது. வலை வளைத்து முடிந்த தொடக்கம்: இரண்டு கயிறும் கரையில் வெகு தூரம் விலகி நிற்கும், ஆட்கள் நீளமான இரண்டு வரிசை, கடல் வெறுமை. அடுத்தது நடு இழுப்பு: இரண்டு குழுவும் மெல்ல மெல்ல ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன, மீன் சேரும் பையான மடி இன்னும் தண்ணீருக்குள். கடைசியில் மடி கரையேறும் நேரம்: கூட்டம், கூடை, காகம், விலை பேசுபவர்கள், சிறுவர்கள். எல்லோரும் வரைவது இந்தக் கடைசியைத்தான். உங்கள் 34 பேரில் இருபது பேராவது அங்கிருந்து வந்தவர்கள். நான் நடு இழுப்பைச் சொல்வேன். மீன் வருமா வராதா என்று தெரியாது, பாரம் மட்டும் கையில் தெரிகிறது. பெரிய படத்தைத் தாங்க அந்த இழுவிசை போதும். மடி கரைக்கு வந்துவிட்டால் கயிறு தளர்ந்துவிடும். தளர்ந்த கயிற்றால் 12 அடியைக் கட்டிப்போட முடியாது.

இனி இடம். உப்புவெளிக் கரை உங்கள் வீட்டு வாசல் என்பதால் அதையே வைத்துச் சொல்கிறேன். நிலப்பக்கம் நின்று கடலைப் பார்த்தால் காலையில் சூரியன் உங்கள் முகத்துக்கு நேரே. இழுப்பவர்களின் முதுகும் கரிய வடிவமும்தான் கிடைக்கும். கைபேசியில் எடுத்த பாதிப் படம் அதனால்தான் கறுத்துப் போயிருக்கிறது. அதைவிட, வடக்குக் கயிற்றுக்குக் கொஞ்சம் அப்பால் போய்க் கரையோரமாகத் தெற்கே பார்த்து இருங்கள். இடக்கைப் பக்கம் கடல், வலக்கைப் பக்கம் தென்னையும், மீனவர் குடிசையான வாடியும். கிட்டக் குழு பக்கவாட்டில், பெரிதாக. தெற்குக் கயிற்றுக் குழு தூரத்தில், சிறிதாக. ஒரே வேலையைச் செய்யும் இரண்டு குழு, இரண்டு அளவில். ஆழத்தை நீங்கள் தனியாக உண்டாக்கத் தேவையில்லை, கரையே தந்துவிடுகிறது. வெளிச்சம் இடப்பக்கமிருந்து வருவதால் ஒவ்வொரு உடம்பும் பாதி வெளிச்சம், பாதி நிழல் என்று பிரிந்து உருண்டு நிற்கும்.

நிற்க வேண்டாம், குந்துங்கள். கடல் கோடு என்பது பார்ப்பவரின் கண் மட்டம். சமதரையில் நின்றுகொண்டு பார்த்தால், உங்கள் உயரமுள்ள எல்லோருடைய கண்ணையும் தொட்டுக்கொண்டுதான் அந்தக் கோடு போகும். பத்தடி தள்ளி நிற்பவருக்கும் இருநூறடி தள்ளி நிற்பவருக்கும் அதே கணக்குத்தான். எல்லாத் தலையும் ஒரே வரிசையில் வந்துவிடும். நீங்கள் சொன்ன குறூப் போட்டோத் தோற்றத்துக்கு இதுவும் காரணம். குந்தியிருந்தால் கோடு எல்லோருக்கும் இடுப்புக்குக் கிட்டப் போகும். கிட்ட நிற்பவரின் தலை வானத்தில் உயரும், தூரத்தவரின் தலை கோட்டை ஒட்டி இறங்கும். தலைகள் தாமாகவே படியிறங்கத் தொடங்கிவிடும்.

இன்னொன்று, தண்ணீர் ஓரத்திலேயே குந்துங்கள். கரை சரிவு என்பதைப் பலர் மறந்து தட்டை மணலாக வரைந்துவிடுகிறார்கள். கயிற்றின் முன்பக்கம் பிடித்தவர் முழங்கால் தண்ணீரில் நிற்கிறார், அவருடைய இடம் தாழ்வு. பின்னால் பிடித்தவர் மேட்டு மணலில் நிற்கிறார். அதனால் கடல் கோடு முன்னவரின் நெஞ்சோடும் பின்னவரின் தொடையோடும் போகும். இடப்பக்கக் கீழிருந்து வலப்பக்க மேலே ஒரு சரிவு உங்களுக்குச் சும்மா கிடைக்கிறது. கயிறும் அதே வழியில்தான் ஏறுகிறது.

நேரத்தையும் கட்டிப்போடவேண்டும். நம் ஊர்ச் சூரியன் ஏறக்குறைய நெட்டாக மேலே ஏறும். ஆறு மணியளவில் எழுந்தால், ஏழு மணிக்கு ஒருவரின் நிழல் அவர் உயரத்தின் மூன்றரை மடங்குக்கு மேல், எட்டு மணிக்கு ஒன்றே முக்கால் மடங்கு, ஒன்பது மணிக்கு அவரளவேதான். ஏழரையை ஒட்டிய ஒரு நேரத்தை எடுத்துக்கொண்டு எல்லா நிழலையும் அதற்கே போடுங்கள். அந்த நேரத்தில் நிழல்கள் வலப்பக்கம் நீண்டு, ஒருவரின் நிழல் அடுத்தவரின் காலில் ஏறும். ஆளுக்கும் ஆளுக்கும் இடையில் நீங்கள் தேடிக்கொண்டிருந்த ஒட்டு அதுதான். ஏப்ரல் நடுவிலும் ஓகஸ்ட் கடைசியிலும் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வரும் நாட்கள் உண்டு. அந்த நாட்களில் உச்சிவேளைக்குப் போனால் கண்குழி எல்லாம் கறுத்து, முகங்கள் ஒன்றுக்கும் உதவாது.

உடம்புக்கு வருவோம். உங்கள் முதியவர் கயிற்றைப் பிடித்திருக்கிறார், ஆனால் இழுக்கவில்லை. கயிற்றின் மேல் விரலை வைத்து மறையுங்கள். அவர் அப்படியே வசதியாக நிற்கிறார் அல்லவா? உண்மையில் இழுப்பவரிடமிருந்து கயிற்றை மறைத்தால் அவர் விழவேண்டும். குதிகால் மணலில் புதைந்து, பெருவிரல் மேலே கிளம்பி, குதியிலிருந்து தலைவரை உடம்பு பின்னால் சரிந்திருக்கும். கை மடங்கியிருக்காது. கை கயிற்றின் தொடர்ச்சியாக நீண்டிருக்கும். பலம் முழுக்கத் தொடையிலும் இடுப்பிலும். உங்கள் வரைபடத்தில் முழங்கை மடங்கி, புஜம் புடைத்திருக்கிறது. அது வாளி தூக்குபவரின் கை.

கயிறும் நேர்கோடு அல்ல. ஒவ்வொரு பிடியிலும் ஒரு சின்ன முறிவு விழும். தண்ணீரிலிருந்து முதல் ஆள்வரை நாண் ஏற்றினது போல் நிற்கும், கடைசி ஆளைத் தாண்டியதும் உயிர் போய் மணலில் கிடக்கும். அந்த மாற்றத்தை மட்டும் சரியாக வரைந்துவிட்டால் பார்ப்பவரின் தோளிலேயே பாரம் இறங்கும். காற்றையும் மறக்கவேண்டாம். கரைவலைக் காலத்தில் விடியற்காற்றும் நிலத்திலிருந்துதான் வரும், பிறகு எழும் கச்சான் என்ற தென்மேற்குக் காற்றும் நிலத்திலிருந்துதான் வரும். உடம்பு நிலப்பக்கம் சரிய, இடுப்பில் கட்டிய சாரத்தின் நுனியும் தலைமயிரும் கடல்பக்கம் பறக்கும். நீங்கள் சாரத்தை உடம்போடு சேர்த்துப் பின்னால் பறக்கவிட்டிருக்கிறீர்கள். அழகாக இருக்கிறது, ஆனால் நம் கரையில் அப்படி நடக்காது. அம்பா என்ற இழுவைப் பாட்டுப் பாடி இழுக்கும் குழு கிடைத்தால் பாட்டோடு சேர்த்து வீடியோ எடுங்கள். பாட்டின் அடியில் இழுப்பும் விடுப்பும் மாறி மாறி வரும். நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், இழுப்பு உச்சத்தில் இருக்கும் கணம் எது என்று கண்ணுக்குப் பிடிபடும். எல்லோரும் ஒரே உச்சத்தில் இருக்கக்கூடாது. ஒருவர் கொஞ்சம் பிந்தட்டும், ஒருவர் பிடி மாற்றட்டும்.

இப்போது அந்த 34 பேர். மான்களை எடுத்துவிடுங்கள். கோட்டைக்குள்ளும் நகரத்துத் தெருவிலும் அவை நிற்பது நம் ஊரின் அழகுதான். இந்தப் படத்தில் அவற்றுக்கு வேலை இல்லை. கோணேசர் மலையை எடுக்கவேண்டாம், சின்னதாக்குங்கள். உப்புவெளியில் குந்தியிருந்து கையை நீட்டிப் பிடித்தால் மலையின் உயரம் பெருவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும். அந்த அளவிலேயே, கடல் கோட்டில் கருநீலமாக இருக்கட்டும். கோபுரம் தெரியத் தேவையில்லை. திருகோணமலை ஆட்களுக்கு அந்த வெளிக்கோடே போதும். வெளியூர் ஆட்களுக்கு அது வெறும் மலையாக இருந்தாலும் படம் கெட்டுப்போகாது.

மீதி ஆட்களை ஆட்களாக எண்ணாமல் கூட்டங்களாக எண்ணிப் பாருங்கள். கிட்டக் கயிற்றில் ஏழெட்டுப் பேர் ஒரு கூட்டம். முகம், கை, கால் எல்லாம் விபரமாக வரவேண்டியவர்கள் இவர்கள்தான். தூரக் கயிற்றுக் கூட்டம் ஒரு சாய்ந்த கறுப்பு வடிவம், அதற்குள் இரண்டு மூன்று தலை பிரிந்து தெரிந்தால் போதும். வலப்பக்கம் மேட்டில் காத்திருக்கும் பெண்களும் கிழவர்களும் இன்னொரு கூட்டம், இவர்கள் இருந்துகொண்டிருக்கட்டும், சாயும் உடம்புகளுக்கு எதிராக ஒரு அசையாமை வேண்டும். தோணியில் மடிக்குக் கிட்ட இரண்டு பேர். கணக்குப் பார்த்தால் இருபதைத் தாண்டாது. கூட்டத்துக்குள் ஆளும் ஆளும் மறைக்கட்டும். நீங்கள் எல்லோரையும் முழுசாகக் காட்ட ஆசைப்படுகிறீர்கள். ஒவ்வொருவரையும் தனியே கஷ்டப்பட்டு வரைந்த பாசம் அது. ஆனால் ஒருவரின் தோளுக்குப் பின்னால் இன்னொருவரின் பாதி முகம் மறைந்தால்தான் அவர்கள் ஒரு கயிற்றின் ஆட்கள். கொழும்புக்குப் போகும்போது பொரளை கோதமி விகாரைக்கு ஒருமுறை போங்கள். இலங்கை ஓவியர் ஜோர்ஜ் கீற் 1939, 1940 இல் வரைந்த சுவரோவியங்கள் அங்கே இருக்கின்றன. ஒரு உடம்பின் கோடு முடியுமுன் அடுத்த உடம்பின் கோடு அதை எப்படி வாங்கிக்கொள்கிறது என்று அதை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்.

சித்தப்பாவைப் பற்றி எழுதியிருந்த பகுதியை இரண்டுதரம் படித்தேன். வானத்தில் அவருடைய முகத்தை மங்கலாக வரையலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். 2004 டிசம்பர் 26 ஐப் பின்னணியில் ஒரு பெரிய அலையாகக் கொண்டுவரவும் வேண்டாம். அலை வந்தால் படம் அலையைப் பற்றியதாகிவிடும், இழுப்பவர்கள் சும்மா நிற்பார்கள். அவருக்கு இந்தக் கரையிலேயே இடம் இருக்கிறது. கவனித்திருப்பீர்கள்: இழுத்து இழுத்துப் பின்னால் வந்து மேட்டை அடைந்தவர், கயிற்றை விட்டுவிட்டு வெறுங்கையோடு மறுபடி தண்ணீர் ஓரத்துக்கு நடப்பார், முன்னால் போய்ப் பிடிப்பதற்கு. எல்லோரும் நிலப்பக்கம் சரிந்திருக்க, அவர் ஒருவர் மட்டும் நிமிர்ந்து கடலை நோக்கிப் போகிறார். உங்கள் சரிவுக்கோட்டுக்கு எதிர்த்திசையில் ஒரு ஆள் இல்லாவிட்டால் படம் வலப்பக்கமாகச் சரிந்து கொட்டிவிடும். ஆகவே அமைப்புக்கும் அவர் கட்டாயம் தேவை. அந்த நடையைச் சித்தப்பாவுக்குக் கொடுங்கள். அவருடைய தோள், அவர் சாரத்தை மடித்துக் கட்டும் விதம், தலையைச் சாய்க்கும் விதம் எல்லாம் உங்கள் வீட்டில் இன்னும் யாருக்காவது தெரியும். அப்பாவையோ அவரைப் போன்ற உடம்புள்ள ஒருவரையோ அதே மாதிரி நடக்கச் சொல்லி வரையுங்கள். அது யார் என்று பார்ப்பவருக்குச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை.

வேலை ஒழுங்குக்கு வந்தால், முதலில் 4 அங்குலம், 2 அங்குலச் சிறு பெட்டிகள் போட்டு, அதற்குள் கயிறும் கூட்டங்களும் மட்டும். முகம் கிடையாது, விரல் கிடையாது. கறுப்பு, சாம்பல், வெள்ளை என்று மூன்றே நிறம். ஒரு கொப்பி நிறையும் அளவுக்குப் போடுங்கள். எந்தப் பெட்டியைத் தூரத்தில் வைத்துப் பார்த்தாலும் இழுவை தெரிகிறதோ அதுதான் படம். அப்புறம் களிமண்ணில் விரல் நீள ஆட்கள் ஏழெட்டுப் பிடித்து, சரிந்த பலகையில் மணல் தூவி நட்டு, நூலைக் கயிறாகக் கட்டி, இருட்டு அறையில் இடப்பக்கமிருந்து டோர்ச் அடியுங்கள். எந்தப் போட்டோவும் தராத நிழல்கள் அதில் கிடைக்கும். கண்ணைப் பலகை மட்டத்துக்கு இறக்கி வைத்துப் பார்க்க மறக்கவேண்டாம். அதன்பிறகு 12 அங்குலம், 6 அங்குலத்தில் ஒரு சுத்தமான வரைபு. ஒரு அங்குலம் ஒரு அடி என்பதால் கட்டம் போட்டுப் பெருப்பிக்கக் கணக்கே தேவையில்லை. பிரவுண் பேப்பர் தாள்களை ஒட்டி, முழு அளவில் கரித்துண்டால் வரைந்து சுவரில் மாட்டுங்கள். ஒரு கிழமை தொங்கட்டும். போகவர அதைப் பாருங்கள். பிழையெல்லாம் அங்கே அழியட்டும். பிரவுண் பேப்பர் மலிவு.

முழு அளவில் போனதும் ஒரு அதிர்ச்சி வரும். சின்னத் தாளில் பக்கத்தில் நின்ற இரண்டு பேருக்கு நடுவில் இப்போது ஒன்றரை அடி வெறுமை தெரியும். அதை நிரப்ப ஆள் தேடவேண்டாம். ஈர மணலில் விழும் வான் வெளிச்சத்துக்கு அந்த இடம் வேண்டும்.

ஒரே கன்வஸ் என்ற எண்ணத்தையும் கைவிடச் சொல்வேன். 12 அடி, 6 அடிச் சட்டம் உங்கள் அறைக் கதவால் வெளியே வராது. கடற்காற்றில் துணி ஈரத்துக்குத் தளரும், வெயிலுக்கு இறுகும், அந்த அகலத்துக்கு அதைச் சமாளிப்பது பெரும்பாடு. ஈரம் தாங்கும் நல்ல மரைன் பிளைவூட் 8 அடிக்கு 4 அடியாக வரும். மூன்று பலகை வாங்கி 6 அடிக்கு வெட்டினால் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நின்று 12 அடி. மிஞ்சும் 2 அடித் துண்டுகளில் நிறங்களைப் பரீட்சித்துப் பார்க்கலாம். முன்பக்கம், பின்பக்கம், வெட்டிய விளிம்பு எல்லாவற்றுக்கும் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சைப் பூசுங்கள். ஈரம் ஏறுவது விளிம்பால்தான். இரும்பு ஆணி வேண்டாம், நம் காற்றுக்கு வருடம் திரும்புமுன் துருக்கறை முன்னால் வந்துவிடும்; துருப்பிடிக்காத ஸ்க்ரூ போடச் சொல்லுங்கள். பலகைகள் சேரும் கோடு 4 ஆவது அடியிலும் 8 ஆவது அடியிலும் விழும். பிரவுண் பேப்பரிலேயே அந்த இரண்டு கோட்டையும் சிவப்பால் கீறி, அதில் ஒரு முகமோ கைப்பிடியோ வராமல் ஆட்களை நகர்த்திவிடுங்கள். கயிறு மட்டும் இரண்டு கோட்டையும் கடக்கட்டும். கீழ்ப்பூச்சுக்கு அக்ரிலிக் எடுத்து, மேலே எண்ணெய் வர்ணத்தில் முடிக்கலாம். எண்ணெய்க்கு மேல் அக்ரிலிக் ஒருபோதும் பூசக்கூடாது, பிடிக்காது.

இழுப்பவர்களிடம் கேட்காமல் இனிப் படம் எடுக்கவேண்டாம். சம்மாட்டியின் பேத்தி என்றால் மறுக்கமாட்டார்கள், ஆனாலும் கேளுங்கள். வேலை நேரத்தில் நிறுத்தி வைத்து வரையவேண்டாம். வலை காயும் நேரத்தில், அல்லது பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா நாளில், இரண்டு பேரை வாடிக்கு வெளியே ஒரு கயிற்றைத் தென்னையில் கட்டி இழுக்கச் சொல்லி வரையுங்கள், அந்த நேரத்துக்குக் கூலி கொடுங்கள். முக்கியமாக, வரைபுகளை அவர்களிடம் காட்டுங்கள். கயிற்றை இப்படிப் பிடித்தால் கை உரிந்துபோகும் பிள்ளை என்று அவர்கள் ஒரு வார்த்தையில் சொல்வதை எந்த உடற்கூற்றுப் புத்தகமும் சொல்லாது. சில இடங்களில் உழவு இயந்திரம் வைத்தும் இழுத்திருக்கிறார்கள். உங்கள் படத்தில் அதை விடுவதும் சேர்ப்பதும் உங்கள் முடிவு. விட்டால், அப்பப்பா காலத்துக் கரை என்று உங்கள் மனதில் தெளிவாக இருக்கட்டும். அந்தக் காலத்துக் கரையில் நீல நைலோன் கயிறும் பிளாஸ்டிக் பெட்டியும் கிடக்கக்கூடாது.

காலத்தைக் கேட்டிருந்தீர்கள். கரைவலை பங்குனியில் தொடங்கிப் புரட்டாதி மட்டில் முடியும் என்பதால், கரையில் செய்யவேண்டியதை இந்தப் பருவத்துக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டுக்குள் களிமண்ணும் பிரவுண் பேப்பரும். மழை ஈரத்தில் எண்ணெய் வர்ணம் காயாது, பூஞ்சணமும் பிடிக்கும். ஆகவே தை கழிந்து வெயில் வந்த பிறகு பலகையில் கை வையுங்கள்.

திட்டம் போட்டுவிட்டால் பிறகு மாற்றக்கூடாதா என்ற பயம் பாடசாலை ஆசிரியர்களுக்கு அதிகம். 1937 இல் பிக்காசோ குவெர்னிக்கா என்ற பெரிய போர்ப் படத்தை வரையும்போது டோரா மார் என்ற புகைப்படக் கலைஞர் ஒவ்வொரு நிலையையும் புகைப்படம் எடுத்தார். தொடக்க நிலைகளில் கீழே கிடக்கும் வீரனின் கை முட்டி மடக்கி மேலே உயர்ந்து நிற்கிறது. முடிந்த படத்தில் அந்தக் கை இல்லை. எத்தனையோ முன்வரைபுகள் போட்ட மனிதர், 25 அடிக்கு மேல் அகலமான படத்தின் நடுவிலிருந்த ஒரு பெரிய வடிவத்தையே எடுத்துவிட்டார். நீங்களும் பலகையில் வரைந்துகொண்டு போகும்போது ஒரு ஆள் சரியாக வரவில்லை என்றால் அழியுங்கள். ஆனால் கண் மட்டத்தையும் ஏழரை மணி வெளிச்சத்தையும் மட்டும் எக்காரணம் கொண்டும் நடுவில் மாற்றவேண்டாம்; மாற்றினால் முதலிலிருந்து எல்லோரையும் திரும்ப வரையவேண்டி வரும்.

வரும் சனிக்கிழமை விடிய ஆறு மணிக்கு, கொப்பியும் கரித்துண்டும் மட்டும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போங்கள். கைபேசி வீட்டில் இருக்கட்டும். வடக்குக் கயிற்றுப் பக்கம் தண்ணீர் ஓரத்தில் குந்தியிருந்து, எட்டு மணிவரை பெட்டி பெட்டியாகக் கீறுங்கள். அதில் உங்களுக்குப் பிடித்த மூன்றையும், பிடிக்காத மூன்றையும் எனக்கு அனுப்புங்கள். பிடிக்காதவற்றை ஏன் பிடிக்கவில்லை என்று பக்கத்தில் இரண்டு வரி எழுதிவிடுங்கள். அதைப் பார்த்துவிட்டு ஆட்களின் அளவைப் பற்றிக் கதைப்போம்.